ஊமைப்படத்து நடிகர் ஒருவரின் அரசியல் வாழ்வு

ஊமைப்படத்தில் முகமும் கையும் மெய்யுமே பேசவேண்டும். நடிகனின் குரலுக்கு ஆங்கு இடமில்லை. இத்தகைய படமொன்றில் நடித்து, பின்னர்ச் சட்டமன்றத்திலே தம் குரலால் நாடறிந்தவர் கலாநிதி என். எம். பெரேரா ஆவார். அவரது அரசியல் வாழ்வு சபரகமுவ மாகாணத்துடன் பிணைந்ததாகும்.

1905ஆம் ஆண்டு பிறந்த பெரேரா, இளமையிலேயே 'ராஜகீய விக்கிரமய' என்னும் படத்தில் நடித்தார். இலங்கையின் முதற் கதைப்படமாகிய இதனை 1925ஆம் ஆண்டு ரி. ஏ. ஜே. நூர்பாய் தயாரித்தார். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் திரையிடப்பட்ட இப்படம், இலங்கையிற் காட்டப்படுமுன்னரே தீக்கிரையாயிற்று. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுப் பொருளால் ஆனது. ஆதலின், பெரேராவின் நடிப்பை அவர்தம் நாட்டார் திரையிற் காணும் பேறு பெற்றிலர். சிங்களம் பேசும் முதற் படம் வெளிவர 1947ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நடிப்பை விடுத்த பெரேரா, இலண்டனில் பேராசிரியர் ஹரோல்ட் லஸ்கியிடம் அரசியல் பயின்று மீண்டார். 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பகுதியைச் சூறையாடிய காலை, இடதுசாரி இளைஞர் ஆங்கு நிவாரணப் பணி புரிந்தனர். பெரேராவும் அவர்களுள் ஒருவர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றிற்று. அடுத்த ஆண்டே கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பிற்காலத்தில் எட்டியாந்தோட்டைத் தொகுதியும் அவரைத் தெரிவுசெய்தது. இறப்பரும் தேயிலையும் விளையும் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அச்சட்டத்தைப் பெரேரா பாராளுமன்றத்தில் எதிர்த்தார். ஆயினும் 1964இல் அவர் நிதியமைச்சராக இருந்த அரசாங்கமே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைச் செய்தது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. தலைமுறை தலைமுறையாய் உழைத்த மக்களின் விருப்பம் அப்பகுப்பிற் கேட்கப்படவில்லை. ஆதலின் அவரது பணியை மதிப்பிடுவோர் 1948ஆம் ஆண்டு எதிர்ப்பையும் 1964ஆம் ஆண்டு உடன்பாட்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

பெரேரா 1979இல் மறைந்தார். நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. நடிகன் பிறர் வகுத்த பாகத்தை ஏற்பவன். அரசியலாளனோ தான் ஏற்ற பாகத்துக்குத் தானே பொறுப்பாவான்.