கோசோத் தீவில் விழுந்து எழுந்தோம்

மத்தியதரைக் கடலில், மோல்டாவின் அயலிலே, கோசோ என்றொரு சிறு தீவு உளது. பரப்பு 67 சதுர கிலோமீற்றர் மாத்திரமே. "இத்துணைச் சிறிய தீவை ஸ்கூட்டரிற் சுற்ற இரண்டு நாள் போதாதா?" என்றார் எம் மனைவியார். இலங்கையிற்போல அங்கும் வாகனங்கள் இடப்புறமே செல்வதால் நாமும் துணிந்தோம்.

சனிக்கிழமை ஜிகான்தியாக் கற்கோயில்களைக் கண்டோம். எகிப்தியப் பிரமிட்டுகளுக்கும் முந்தியவை அவை. 5,000 ஆண்டுகளுக்கு மேலாக அவை நிற்க, எமது பின்சக்கரமோ அரைநாளிற் காற்றிழந்தது! வாடகைக்குத் தந்தவர் வருமட்டும் வெயில் காய்ந்தோம்.

மறுநாள் துவேய்ராக் கடற்கரைக்கு இறங்கும் சரிவிலே சரளைக்கல் வழுக்கி இருவரும் வீழ்ந்தோம். எமக்குச் சிராய்ப்பு மட்டும். மனைவியாரின் முழங்காலில் இரத்தம் பெருகிற்று. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவே எம்மை நடுங்கச் செய்தது. அவ்வழி வந்த மூதாட்டி ஒருவர் "இல்மா, இல்மா" என்றபடி போத்தலைத் திறந்தார். மோல்டா மொழியில் 'இல்மா' என்றால் தண்ணீர். அரபு வழிவந்த சொல். காயத்தைக் கழுவித் தம் கைக்குட்டையாற் கட்டிவிட்டு, எம்மை மாத்திரம் முறைத்துப் பார்த்துச் சென்றார்.

நொண்டி நொண்டிக் கரையை அடைந்தோம். எமது பழைய வழிகாட்டி நூலிற் கண்ட பெரும் பாறை வளைவு அங்கே இல்லை! 2017 மார்ச் 8ஆம் நாள் புயலில் இடிந்து கடலில் வீழ்ந்துவிட்டதாம்.

"அப்படியானால் இங்கே விழுந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல" என்று மனைவியார் வாய் திறந்தார். எமக்கு உயிர் வந்தது. மாலையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே திரும்பினோம்.