திங்கட்கிழமைக் காய்ச்சல்

"இவருக்குக் காய்ச்சல், இன்றைக்கு வேலைக்கு வரமாட்டார்." திங்கட்கிழமை விடிய மேற்பார்வையாளருக்கு இப்படித் தொலைபேசியில் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. உண்மையில் காய்ச்சல் அல்ல, ஞாயிறு இரவுக் குடியே காரணம்.

நமது ஈரல் ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 43 மில்லிலீற்றர் விஸ்கியில் உள்ள மதுவையே அகற்றும். கோப்பியோ குளிப்போ இதை விரைவுபடுத்தாது. இரவு 11 மணிக்குத் தொடங்கி அரைப் போத்தலை முடித்தவர் காலை 6 மணிக்குத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்கும்போதும் இரத்தத்தில் மது இருக்கும். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகும். போனால் கைவிரல் போகலாம். தொடர்ந்து குடித்தால் ஈரலும் நரம்புகளும் பழுதடைந்து நிரந்தர இயலாமையும் வரலாம்.

கனடாவில் 2020ஆம் ஆண்டில் மதுவினால் ஏற்பட்ட செலவு ஏறக்குறைய 1,970 கோடி டொலர். உழைப்பு இழப்பும் இதில் அடங்கும்.

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் அதை ஓர் இயலாமையாக ஏற்கிறது. சிகிச்சைக்கு விடுப்புக் கேட்பவருக்கு இயன்றவரை இடமளிப்பது முதலாளியின் கடமை. தகுதியுள்ளவர்களுக்கு வேலைக் காப்புறுதியில் 26 வாரங்கள் வரை சுகவீனக் கொடுப்பனவும் கிடைக்கும். ஆனால் நோயை மறைத்தால் இவை கைக்கு வரமாட்டா. விடுப்புகள் கூடி வேலையே போகலாம்.

ஆகவே காய்ச்சல் என்று சொல்வதை நிறுத்தி, குடும்ப வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.