ஈர முடியும் இருநூறு டிகிரியும்
சூடேற்றும் பிரஷ் வாங்கும் பெங்களூர்ப் பெண்கள் விலையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். தங்கள் முடியைப் பார்ப்பதில்லை.

காலை ஏழேகால் மணி. மாரத்தஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அலுவலகக் கார் கீழே ஹாரன் அடிக்கிறது. கண்ணாடி முன் நிற்கும் என் அக்கா மகள் தலைக்குக் குளித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கையில் சீப்பு மாதிரி ஒரு சாதனம். கைப்பிடியில் 210 என்ற எண் ஒளிர்கிறது. ஈரத் தலையில் வைத்து இழுத்ததும் 'சுர்ர்' என்று சத்தம், கொஞ்சம் ஆவி. "காயுது சித்தி, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

இரண்டு மாதத்தில் நெற்றியோரத்து முடியெல்லாம் விரல் நீளத்துக்கு ஒடிந்து, தேங்காய் நார் மாதிரி குத்திட்டு நின்றது. நிச்சயதார்த்தத்துக்கு ஆறே வாரம். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆறு வாரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்து அக்கா அழுதே விட்டாள்.

வீட்டில் எல்லோரும் பழி போட்டது தண்ணீர் மேல். பெங்களூரில் இது வழக்கம். முடி கொட்டினாலும் நரைத்தாலும் 'போர் தண்ணி' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். புகாரில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. நகருக்குக் காவிரி சுமார் நூறு கிலோமீட்டர் தூரம் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. மாநகராட்சியோடு 2007ல் இணைந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் துவக்கப்பட்டது. அதுவரை அந்தப் புறநகர்களின் கதி பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உப்பு கூடினால் ஷாம்பு நுரைக்காது. சோப்பு வெண்படலமாகப் படியும். முடி சொரசொரப்பாகும்.

ஆனால் சொரசொரப்பு வேறு, ஒடிவது வேறு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் 15 பேரின் முடியைக் கடின நீரிலும் காய்ச்சி வடித்த நீரிலும் ஊறவைத்து ஒப்பிட்டு 2013ல் முடிவை வெளியிட்டார்கள். வலிமையிலும் இழுவையிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியவில்லை. பாகிஸ்தானில் 70 ஆண்களின் முடியைச் சோதித்த 2018 ஆய்வோ கடின நீர் வலிமையைக் குறைக்கிறது என்றது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒருத்தியின் முன்நெற்றி மட்டும், அதுவும் பிரஷ் முதலில் தொடும் இடத்தில் மட்டும் ஒடிந்தால், தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

உண்மைக் காரணம் அந்த 'சுர்ர்'. முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் இருநூறு டிகிரி சூட்டைத் தொட்டால் உள்ளே இருக்கும் நீர் நொடியில் ஆவியாகும். வெளியேற வழியில்லாமல் முடியின் தண்டுக்குள்ளேயே குமிழ் குமிழாக ஊதும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ரஸ்க்கைப் பிட்டது மாதிரி ஓட்டைகள் தெரியும். தோல் மருத்துவர்கள் இதற்குக் குமிழ் முடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த முடியின் கெரட்டின் புரதம் குலைய 230 டிகிரியை ஒட்டிய சூடு தேவை. நனைந்த முடிக்கு 120லிருந்து 150 டிகிரியே போதும். குமிழ் விழுந்த முடியை எந்த எண்ணெயும் சீரமும் ஒட்டவைக்காது. முடி உயிரில்லாத பொருள், தானாக ஆறாது. கத்தரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கடையில் 'ஹீட்டட் பிரஷ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதனங்கள் விற்கின்றன. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்று, முட்களோ தகடோ நேரடியாகச் சூடாகும் ஸ்ட்ரெயிட்னிங் பிரஷ். இது முழுக்கக் காய்ந்த முடிக்கு மட்டும். மற்றது ஹாட் ஏர் பிரஷ். உருளையான பிரஷ்ஷுக்குள்ளிருந்து வெந்நீரை விடக் கொஞ்சம் கூடுதல் சூடான காற்று வரும் என்று நினைத்துக்கொண்டால் அது தவறு, நன்றாகவே சுடும். ஆனால் காற்று ஈரத்தை அடித்துக்கொண்டு போவதால், துவட்டி முக்கால்வாசி உலர்ந்த முடியில் இதை ஓட்டலாம். காலையில் குளித்துவிட்டு ஓடுகிற பெண்ணுக்கு வேண்டியது இது. என் அக்கா மகள் வாங்கியது முதல் ரகம்.

சூடான காற்று என்றாலே விஷம் என்று பயப்படவும் வேண்டாம். கொரியாவில் 2011ல் வெளியான ஆய்வு ஒன்றில், டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே உலர்த்திய முடி, மணிக்கணக்காக ஈரமாகவே தானாக உலர்ந்த முடியை விட உட்புறத்தில் குறைவாகவே சேதமடைந்திருந்தது. சாம்பிராணிப் புகையில் முடி உலர்த்திய பாட்டிமார்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இனி உங்கள் முடிக்கு வருவோம். ஓர் இழையைப் பிடுங்கி விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். இருப்பதே தெரியாவிட்டால் மெல்லிய முடி. நூல் மாதிரி நெருடினால் தடித்த முடி. மெல்லியதற்கும், டை அடித்த, பிளீச் செய்த முடிக்கும் 150 டிகிரி போதும். அலையலையான நடுத்தர முடிக்கு 170, 180. தடித்த சுருட்டைக்கு 190, மிஞ்சினால் 200. அதற்கு மேல் எண் இருப்பது விளம்பரத்துக்கு. ஒரே ஒரு சூடு மட்டும் உள்ள பிரஷ்ஷை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.

இடுப்பளவு கூந்தல் உள்ளவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அறுபது சென்டிமீட்டர் கூந்தலின் நுனி ஐந்து வயதுக் குழந்தை. ஐந்து வருட வெயிலையும் சீப்பையும் பார்த்துவிட்டது. வேருக்குக் கொடுக்கும் சூட்டை நுனிக்குக் கொடுக்கக் கூடாது.

இறுகிய சுருட்டை முடிக்காரர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம்: பிரஷ் உங்களை ஏமாற்றும். அயர்ன் மாதிரி இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்காததால் ஒரே இழுப்பில் நேராகாது. பத்து முறை இழுப்பீர்கள். 180 டிகிரியில் பத்து முறை என்பது சின்ன விஷயமில்லை.

செராமிக் பூச்சு சூட்டைச் சீராகப் பரப்பும், அது நல்லது. முட்களின் நுனியில் சூடேறாத குமிழ் இருந்தால் தலை சுடாது, அது அவசியம். 'அயானிக்' என்ற வார்த்தைக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நான் தயாரில்லை. டைசன் 2018ல் கொண்டுவந்த ஏர்ராப் காற்றை 150 டிகிரிக்குள் வைத்திருக்கிறது, நல்ல யோசனைதான். நாற்பதாயிரத்துக்கு மேல் விலை. அந்தப் பணத்துக்கு ஒரு வாஷிங் மெஷினும் மீதி சில்லறையும் கிடைக்கும்.

பெங்களூருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு அமெரிக்காவில் ஓர் அண்ணன். அவர் அங்கிருந்து அன்பாக வாங்கி வரும் பிரஷ். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் மின்சக்தி பாய்ந்து கருகும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. கைப்பிடியில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் செருகுங்கள். ஹாட் ஏர் பிரஷ் ஆயிரம் வாட் வரை இழுக்கும். கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் போட்டு வீட்டையே இருட்டாக்கியவர்கள் உண்டு.

பிரஷ் செய்வது தற்காலிக வேலை. சூடு பிரிப்பது ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டும். ஈரம் பட்டால் அவை பழைய இடத்துக்கே திரும்பும். மார்ச் மாதத்து வறண்ட பெங்களூரில் நாள் முழுக்க நிற்கும் தலை, இரவு ரயிலேறிச் சென்னையில் இறங்கும்போது தன் பிறவிக் குணத்தைக் காட்டிவிடுவது இதனால்தான்.

நிரந்தரத் தீர்வு தேடி பார்லருக்குப் போகிறவர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு போகட்டும். ரசாயன ஸ்ட்ரெயிட்னர்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதலாக இருந்தது என்று அமெரிக்க அரசு ஆய்வு 2022ல் கூறியது. கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த ஸ்ட்ரெயிட்னிங் கிரீமால் 26 வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதித்ததை ஒரு மருத்துவ இதழ் 2024ல் பதிவு செய்தது.

நிச்சயதார்த்தம் மல்லேஸ்வரத்தில் நடந்தது. ஒடிந்த முன்முடியைப் பக்கவாட்டில் வாரி, கிளிப் போட்டு, மேலே மல்லிகைச் சரத்தை இறக்கிவிட்டார் அலங்காரம் செய்த பெண்மணி. பின்னால் சுருட்டை சுருட்டையாகவே விடப்பட்டது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் என் அக்காவைத் தனியே அழைத்தார். அக்காவுக்கு அடிவயிறு கலங்கியது. "பொண்ணுக்கு எந்தப் பார்லர்ல இப்படிச் சுருள் வெச்சாங்க?" என்று கேட்டார் அவர்.