கிடை ஆட்டுக்கு மருந்து

சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் போகிற கலவைதான். ஆடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது குடற்புழு மருந்து. இரண்டு தொழிலுக்கும் கைகொடுத்தது ஒரே வறட்சி. தீக்குச்சி நமத்துப்போகாத அந்தக் காய்ச்சலில் புழுவின் முட்டையும் தப்பாது.

ஐப்பசி மழை விழுந்து கரிசலில் புல் துளிர்த்துவிட்டால் நிலைமை வேறு. புழுக்கையோடு விழும் முட்டை வாரத்துக்குள் பொரித்து, குஞ்சுப்புழு பனி ஈரத்தில் புல்நுனிக்கு ஏறிவிடும். இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் பெண்புழு ஒன்றே நாளுக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும். ஆட்டுக்குச் சோகை பிடித்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும்.

அன்று வேம்பூர் ஆட்டையும் கீழக்கரிசல் ஆட்டையும் ஓட்டியவர்களிடம் இருந்தது வேப்பிலை, தும்பை, பூண்டு, மஞ்சள். அரைத்துக் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டினார்கள். அதைவிட அவர்களுடைய நடைதான் ஆட்டைக் காத்தது என்பது என் எண்ணம். பனி உலர்ந்த பிறகே மேய்ச்சல். சில இரவுகளில் கிடை வேறு புஞ்சைக்கு மாறிவிடும். முட்டை பொரிக்கிற நேரத்தில் ஆடு அடுத்த ஊரில் நிற்கும்.

இன்று காடெல்லாம் வேலிக்குள் போய்விட, ஆடு ஒரே தரையைச் சுற்றுகிறது. கையில் அல்பென்டசோல், ஐவர்மெக்டின் (பின்னதைக் கண்டவர்களுக்கு 2015இல் நோபல் கிடைத்தது). நல்ல மருந்துகள்தான். ஆனால் எடை பார்க்காமல் குட்டிக்கும் கிடாவுக்கும் ஒரே அளவு ஊற்றுகிறோம். குறைந்த மருந்தில் பிழைத்த புழுதான் பிறகு வம்சம் வளர்க்கும். 1961இல் வந்த தையபென்டசோலுக்கு அசையாத புழுவை அமெரிக்காவில் 1964இலேயே கண்டுவிட்டார்கள். இன்னொன்று, சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பென்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம்.

தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை உருண்டை இப்போது பழையதைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது: சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், பூண்டு, தும்பை, வேப்பிலை, பாகல், வாழைத்தண்டு, பனைவெல்லம், உப்பில் புரட்டி நாக்கில் தேய்ப்பது. புழு லேசாக இருந்தால் கொடுத்துப் பார்க்கலாம். தாடை வீங்கிய ஆட்டை உருண்டையை நம்பிக் கட்டிவைத்தால் தோல்தான் மிஞ்சும்.

தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்றொரு முறை உண்டு. கீழிமையை இழுத்து, உள்ளே தெரியும் சிவப்பை ஐந்து நிற அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. அட்டை கிடைக்காவிட்டால் என்ன, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கொருமுறை இமையை இழுத்துப் பார்க்கக் கட்டைவிரல் இருக்கிறதே.