ஈடு வைத்த வீடு: வங்கிக்கு உங்கள் முகவரியை அறிவியுங்கள்

இடம்பெயர்வதற்கு முன் வீட்டையோ காணியையோ வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெற்றிருந்தீர்களா? ஊர் திரும்பியதும் அந்த வங்கிக் கிளைக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

வழமையாக, கடனைச் செலுத்தத் தவறினால் வங்கி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவேண்டும். ஆனால் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், வழக்கின்றியே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கியின் பணிப்பாளர் சபைக்கு அதிகாரம் அளிக்கிறது. இதனைப் ‘பராட்டே’ முறை என்பர்.

இச்சட்டம் கடனாளிக்குச் சில பாதுகாப்புகளையும் தருகிறது:

• விற்பனைத் தீர்மானத்தை வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியிட்டு, கடனாளிக்கும் பிரதி அனுப்பவேண்டும்.

• ஏலம் நடைபெறும் நாளையும் இடத்தையும் குறைந்தது 14 நாட்களுக்கு முன் அறிவிக்கவேண்டும்.

• ஏலத் திகதிக்கு முன் நிலுவையையும் செலவையும் செலுத்தினால் சொத்தை விற்க முடியாது.

• 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வட்டியும் தண்டமும் சேராத கடன் முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின் இம்முறையைப் பயன்படுத்த முடியாது. எனினும் வங்கி வழக்குத் தொடரலாம்.

பொருளாதார நெருக்கடியின் பின்னர், 2024 இல் அரசாங்கம் பராட்டே விற்பனைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அது கால எல்லையுள்ள சலுகை. கடன் தள்ளுபடி அல்ல.

உங்கள் புதிய முகவரி வங்கியிடம் இல்லாவிட்டால், அறிவித்தல் பழைய வீட்டுக்கே போகும். எனவே முகவரியை எழுத்தில் கொடுத்து, பிரதியில் வங்கியின் முத்திரையைப் பெறுங்கள். நிலுவை விபரத்தையும் எழுத்தில் கேளுங்கள். தவணைகளை மாற்றியமைக்க முடியுமா என விசாரியுங்கள்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் கவனியாது விடாதீர்கள். விளங்காத பத்திரம் எதிலும் கையொப்பமிடாது, அதனை அருகிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.