கையாலேயே போடலாம், எஸ்பிரஸோ காபி!

கல்யாண ரிசப்ஷன்களில் மண்டபத்து ஓரமாக ‘புஸ்ஸ்...’ என்று ஆவியைக் கக்கிக்கொண்டு ஒரு மெஷின் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருக்கும். இன்ஸ்டன்ட் காபித் தூளையும் சர்க்கரையையும் கப்பில் போட்டு, பொங்கப் பொங்க நுரைத்த பாலை ஊற்றி, மேலே துளி சாக்லேட் பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ‘எக்ஸ்பிரஸோ காபி’. என் கல்யாணத்திலும் அது இருந்தது. சம்பந்தி வீட்டார் மூன்று ரவுண்டு குடித்தார்கள்!

அதுதான் எஸ்பிரஸோ என்று நாற்பத்தைந்து வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். அது இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது என் பெண்ணின் தலைப்பிரசவம்!

அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்குத் திருச்சிக்கு வந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம். ராத்தூக்கம் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் தூளியை ஆட்டிக்கொண்டே, "அம்மா... ஆபீஸ் பக்கத்துல ஒரு கடையில குடிப்பேனே, அது மாதிரி ஒரே ஒரு கப் காபி வேணும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர்.

எனக்குச் சுருக்கென்றது. என் ஃபில்டர் காபிக்குத் தெருவில் பெயர் உண்டு. அதை விட்டு இவளுக்குக் கடைக் காபியா? என் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், "இருநூறு ரூபாய்க்கு ஒரு காபியா? எந்த ஊர் நியாயம் இது!" என்றார்.

விஷயம் மாப்பிள்ளை காதுக்குப் போயிற்று. மறுநாளே போன். "அத்தை, வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கிடலாம். நாற்பத்திரண்டாயிரம்தான், தவணையில கட்டிக்கலாம்."

‘தான்’ என்ற அந்த வார்த்தைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், பிரசவ லீவு முடிந்த பிறகு சம்பளமில்லாத லீவாக இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாமா என்று என் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை விட்டுப் போக மனசில்லை. அந்த நேரத்தில் நாற்பத்திரண்டாயிரம் என்பது காபி மெஷின் விலை இல்லை. குழந்தையோடு அவள் இருக்கப்போகும் நாட்களின் விலை! "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை, நான் விசாரிக்கிறேன்" என்றேன். விசாரித்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எஸ்பிரஸோ என்றால் என்ன?

நம் ஃபில்டரில் டிகாக்‌ஷன் தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. எஸ்பிரஸோவில் அப்படிக் காத்திருப்பதில்லை. நைஸாக அரைத்த தூளின் வழியே சூடான தண்ணீரைப் பலமாக அழுத்தி, அரை நிமிஷத்துக்குள் வெளியே தள்ளுகிறார்கள். ஒரு ஆளுக்கு 7 கிராம் தூள், கிடைப்பது இரண்டு மேஜைக் கரண்டி அளவு சாறு. அதன் மேலே தேன் நிறத்தில் ஒரு மெல்லிய நுரை ஆடை நிற்கும். அதற்கு ‘க்ரீமா’ என்று பெயர்.

எவ்வளவு அழுத்தம்? நம் குக்கரில் வெயிட் எழும்பும்போது உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். எஸ்பிரஸோவுக்குச் சுமார் 9 பார் வேண்டும். ஒன்பது குக்கரின் பலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இத்தாலியில் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா 1901-ல் ஆவியால் காபி போடும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆவியின் பலம் மட்டும் போதவில்லை. அதே ஊர்க்காரர் அகில்லே காஜ்ஜியா, 1940-களின் கடைசியில் கையால் இழுக்கும் நெம்புகோல் வைத்த மெஷினைக் கொண்டு வந்த பிறகுதான் அந்த நுரை ஆடை பிறந்தது. மின்சார பம்ப் பிரபலமானது 1961-க்குப் பிறகு. ஆக, நல்ல எஸ்பிரஸோ முதலில் வந்ததே கை பலத்தால்தான். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

கரன்ட் வேண்டாத மூன்று வகை

நெம்புகோல் பிரஸ்: அசல் எஸ்பிரஸோ தருவது இதுதான். கொதித்த தண்ணீரை ஊற்றி, கைப்பிடியை அழுத்த வேண்டும். 9 பார் அழுத்தத்தை வெறும் கையால் நேராகக் கொடுக்க முடியாது. கடப்பாரையால் கல்லை நெம்புகிற மாதிரி நீளக் கைப்பிடி வைத்திருப்பது அதனால்தான். விலை பத்தாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. தூளும் மிக நைஸாக, ஒரே சீராக இருக்க வேண்டும். நல்ல அரைக்கும் மெஷின் இல்லாமல் இதை வாங்குவது, உலை வைக்காமல் அரிசி களைகிற மாதிரி!

ஏரோபிரஸ்: பெரிய ஊசிக்குழாய் போல இருக்கும் பிளாஸ்டிக் சாமான். அமெரிக்காவில் ஆலன் ஆட்லர் என்பவர் 2005-ல் கொண்டு வந்தது. அழுத்தம் குறைவு, க்ரீமா வராது. ஆனால் கழுவுவது சுலபம், கைதவறிக் கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. பேப்பர் வடிகட்டி போடுவதால் கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு ஏற்றது. வடிகட்டாத காபியில் இருக்கும் ஒருவித எண்ணெய்ப் பொருள் கொலஸ்ட்ராலைக் கூட்டும். பேப்பர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மோக்கா பாத்திரம்: 1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டு வந்தது. எட்டுப் பட்டை வைத்த அலுமினியக் கூஜா. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அதை உலகமெல்லாம் விற்ற அவர் மகன் ரெனாட்டோ 2016-ல் காலமானபோது, அஸ்தியையே பெரிய மோக்கா பாத்திரத்தில் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்! இதில் அழுத்தம் ஏறத்தாழ நம் குக்கர் அளவுதான். அதனால் கண்டிப்பாகச் சொன்னால் இது எஸ்பிரஸோ இல்லை, அதன் தங்கை. ஆனால் பால் சேர்த்துக் குடிக்கிற நமக்கு வித்தியாசம் ரொம்பத் தெரியாது. சாதாரணமானது ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மூன்று கப் மோக்கா பாத்திரம் ஒன்று வாங்கினேன். ‘மூன்று கப்’ என்பது அவர்கள் ஊர்க் குட்டிக் கப் கணக்கு. நமக்குப் பாலோடு இரண்டு டம்ளர் வரும்.

நான் செய்த தப்பு

முதல் நாளே அசட்டுத்தனம் செய்தேன். வீட்டில் இருந்த சிக்கரி கலந்த தூளைப் போட்டு, ஃபில்டரில் அமுக்குகிற பழக்கத்தில் கரண்டியால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். தண்ணீரை வழிய வழிய ஊற்றினேன். அடுப்பைப் பெரிதாக வைத்தேன்.

ஐந்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. திடீரென்று பக்கவாட்டில் இருந்த குட்டி வால்விலிருந்து ‘சர்ர்ர்’ என்று கொதி ஆவி சுவரைப் பார்த்துப் பீச்சியது. சமையலறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பெண்! "உள்ளே வராதேடி!" என்று கத்திக்கொண்டே கேஸை அணைத்தேன். அரை மணி நேரம் அதன் கிட்டேயே போகவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. சிக்கரி தண்ணீரில் கரைந்து பிசுபிசுவென்று ஆகும். ஃபில்டரில் அது நல்லது. டிகாக்‌ஷன் மெதுவாக, கெட்டியாக இறங்கும். மோக்காவில் அழுத்தி அடைத்தால் வழியை அடைத்துவிடும். தண்ணீருக்கு மேலே போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. வால்வு தன் வேலையைச் செய்ததால் பிழைத்தோம். உப்புத் தண்ணீர் படிந்து அது அடைத்திருந்தால்... நினைக்கவே குலை நடுங்குகிறது.

சரியாகப் போடும் விதம்

1. அடிப் பாகத்தில் வால்வுக்குக் கீழே வரைதான் தண்ணீர், மூன்று கப்புக்குச் சுமார் 150 மில்லி. வால்வு மூழ்கக் கூடாது. போர் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீரே ஊற்றுங்கள். முன்கூட்டியே சுட வைத்த தண்ணீராக இருந்தால் தூள் கருகாது.

2. வடிகட்டிக் கிண்ணத்தில் தூளை நிரப்பி (சுமார் 15 கிராம்) விரலால் சமப்படுத்துங்கள். அமுக்கவே அமுக்காதீர்கள்.

3. அடிப் பாகத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு, மேல் பாகத்தை இறுக்கித் திருகுங்கள். ரப்பர் வளையம் விரிந்திருந்தால் புதிது மாற்றுங்கள்.

4. அடுப்பு சிம்மில். வால்வு சுவரைப் பார்த்து இருக்கட்டும். பாத்திரத்தின் அடி சிறியது. பர்னர் கம்பியில் ஆடினால் மேலே ஒரு குட்டி ஸ்டாண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

5. தேன் மாதிரி வழிந்து வரும். நிறம் வெளுத்து ‘களகள’ சத்தம் கேட்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வருவது வெறும் கசப்பு.

6. ஆறின பிறகுதான் திறக்க வேண்டும். சபீனா, கம்பிநார் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரம் போகத் துடைத்து வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வால்வு அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் அதற்கென்றே வரும் எவர்சில்வர் மோக்காவாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் அலுமினியம் அதில் சூடாகாது.

தூள்தான் முக்கியம்

நான் கண்ட உண்மை இதுதான்: ருசியில் பாதிக்கு மேல் சாமானில் இல்லை, தூளில் இருக்கிறது. காபித் தூள் கடையில் "சிக்கரி இல்லாம, பீபெரியும் ரோபஸ்டாவும் கலந்து, கொஞ்சம் கருக வறுத்தது" என்று கேளுங்கள். கலந்த தூளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. பாக்கெட்டில் எத்தனை சதவிகிதம் என்று போட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டுக் காபிக் கொட்டையை வெளிநாடுகளில் அதிகமாக வாங்குவது இத்தாலிதான். அவர்கள் ஊர் எஸ்பிரஸோவுக்குள் நம் மலைக் கொட்டை இருக்கிறது! நமக்கென்ன குறை?

அரைப்பது தூள் உப்பு அளவுக்கு இருக்கட்டும். நெம்புகோல் பிரஸ் என்றால் அதைவிட நைஸ். என் மாமியார் பரணிலிருந்து அந்தக் காலத்துக் கை மெஷினை இறக்கச் சொன்னார். திருகாணியை இரண்டு சுற்று தளர்த்தி, இரண்டு சுற்று இறுக்கி, மூன்றாம் நாள் சரியான பதம் பிடித்துவிட்டார்!

நுரைக்குத் தனி சாமான் எதற்கு? காய்ச்சின பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, டபரா டம்ளரில் உயரத் தூக்கி நாலு ஆற்று ஆற்றினால் நுரை வந்துவிட்டுப் போகிறது.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு...

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் சேர்க்காமல் இருப்பது நல்லது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொல்லியிருக்கிறது. மூன்று கப் மோக்கா முழுவதையும் ஒருவரே குடித்தால் அந்த அளவை எட்டிவிடும். ரோபஸ்டா அதிகமானால் தாண்டியே விடும். ரோபஸ்டாவில் காஃபீன் ஏறத்தாழ இரண்டு பங்கு. அதனால் என் பெண்ணுக்குப் பாதிதான். காலை ஃபில்டர் காபி, டீ எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்தி.

பச்சைக் குழந்தையின் உடம்பு காஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றாது. குழந்தை காரணமில்லாமல் விழித்துக்கொண்டு சிணுங்கினால் காபியைக் குறைத்துப் பாருங்கள். பால் கொடுத்து முடித்த கையோடு குடிப்பது நல்லது. இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்கள் டாக்டர் காபியே வேண்டாம் என்றால், அதுதான் கடைசி வார்த்தை.

கணக்கும் பார்த்துவிடுவோம்

கடையில் ஒரு கப் 220 ரூபாய். வாரத்தில் ஐந்து நாள் என்றால் 1,100. இங்கே கால் கிலோ தூள் 350 ரூபாய். பதினாறு தடவை போடலாம். ஒரு தடவைக்கு 22 ரூபாய், அதில் இரண்டு பேர் குடிக்கலாம். பாலும் சர்க்கரையும் தனி.

நாற்பத்திரண்டாயிரம் மெஷின் வரவில்லை. என் பெண் அந்த இரண்டு மாத லீவைப் போட்டாள். குழந்தை குப்புறித்து, தவழ ஆரம்பித்ததைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். மத்தியானம் குழந்தை தூங்கும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்று அந்தக் ‘களகள’ சத்தத்துக்குக் காத்திருப்போம். பெங்களூருக்குக் கிளம்பும்போது மோக்கா பாத்திரத்தைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் மாமியார் ஃபில்டர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா... அந்தக் கூஜா இன்னொண்ணு என்ன விலை?" என்றார்.

வாங்கிவிட்டேன்!