சீடையும் முறுக்கும் மணலும்

"மணலைக் கணிப்பொறிக்குள் துகள் துகளாக வடித்து வைத்து, அதன்மேல் எழும்பப்போகும் கட்டடம் நிற்குமா சாயுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களாமே, இனி மண் பரிசோதனைக்குச் செலவு எதற்கு?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீடு கட்டத் தொடங்கியிருப்பவர் என்பது கேள்வியின் தொனியிலேயே தெரிகிறது. அவருக்குரிய பதில் ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆனால் நடந்திருக்கும் காரியம் மிகவும் ரசமானது என்பதால், அவர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன். 1930-களில் வாடெல் என்பவர் துகளின் கோளத்தன்மைக்கு ஓர் அளவை வகுத்தார். 1941-இல் க்ரம்பைன், துகள்களின் படங்களை வரிசையாக அச்சிட்டு, கண்ணால் ஒப்பிட்டு மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். 1979-இல் பீட்டர் கண்டாலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் மணலைத் தனித்தனி வட்டத் தகடுகளின் கூட்டமாகப் பாவித்துக் கணிப்பொறியில் நடத்திக் காட்டினார்கள். ஏன் வட்டம்? மணல் வட்டமாயிருக்கிறது என்பதால் அன்று. இரண்டு மையங்களுக்கிடையே உள்ள தூரம் இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் தொட்டுக்கொண்டன என்று முடிவுகட்டி விடலாம். கணக்கு அவ்வளவு எளிது.

அந்தச் சௌகரியம் ஒரு விபரீதத்தில் கொண்டுபோய் விட்டது. கணிப்பொறியின் உருண்டை மணல், மெய்யான மணலைவிடப் பலவீனமாக இருந்தது.

கோகுலாஷ்டமி வீட்டில் இதன் காரணத்தைப் பிரத்தியட்சமாகக் காணலாம். உப்புச் சீடையைத் தாம்பாளத்தில் குவித்தால், குவியல் எழும்புவதற்குள் சரிந்து பரவி, இரண்டொன்று கூடத்து மூலைக்கே ஓடிவிடும். உடைந்த முறுக்கைக் கொட்டினாலோ கோபுரமாக நிற்கும். இரண்டும் அரிசி மாவு, காய்ந்ததும் ஒரே எண்ணெய். வேறுபட்டது ஆகாரம் மாத்திரமே. ஓர் உருண்டையை மற்றோர் உருண்டை எந்தப் பக்கத்திலிருந்து அழுத்தினாலும் அந்த அழுத்தம் அதன் மையத்தை நோக்கியே செல்லும் என்பதாலும், மையத்தின் வழியே செல்லும் விசைக்கு ஒரு பொருளைச் சுழற்றவோ அதன் சுழற்சியைத் தடுக்கவோ சக்தியில்லை என்பதாலும், சீடையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு முழுவதும் மேற்பரப்பின் உராய்வின் தலையில் விழுகிறது. கோணல்மாணலான துகளிலோ, அழுத்தும் விசை மையத்தை விட்டு விலகி, நெம்புகோலைப் பிடித்தாற்போல் ஒரு பக்கமாகப் பாய்கிறது; துகள் புரள முயன்ற கணத்திலேயே, சுற்றிலும் நெருங்கியிருக்கும் துகள்களின் அழுத்தமே அதை எதிர்த்து நிறுத்துகிறது. மேலே பாரம் ஏற ஏற இந்தப் பிடியும் இறுகும். தாங்கவேண்டிய பாரமே தாங்கும் பலத்தையும் கொடுக்கிறது என்கிற இந்த விசித்திரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

முறுக்கு டப்பாவின் அடியில் தூள் சேருகிறதே, அதற்கும் மணலில் சமானம் உண்டு. பெரும்பாரத்தின்கீழ்த் துகள்களின் கூர்முனைகள் ஒடிந்து, பொடி இடுக்குகளை நிரப்பும்; சிப்பியும் பவளமும் நொறுங்கி உண்டான கடல் மணலில் இது சாதாரண நிகழ்ச்சி. (முறுக்கில் எறும்பு ஏறுவதற்கு மணலில் என்ன சமானம் என்று ஓர் இரவு முழுவதும் யோசித்தேன், அகப்படவில்லை.)

ஆகவே உருண்டையைக் கைவிட்டு மெய்யான ஆகாரத்தைப் பிடிக்க முயன்றார்கள். பிரான்ஸின் ஹோஸ்தூன் மணலை விரல் பருமனுள்ள உருளையாக அமைத்து, எக்ஸ் கதிரால் முப்பரிமாணப் படமெடுத்து, அதிலுள்ள 50,000-க்கும் மேற்பட்ட துகள்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிமையைக் கணிப்பொறியில் கால்டெக், கிரெனோபிள் ஆராய்ச்சியாளர்கள் படைத்தார்கள். பிரதிமை ஒவ்வொன்றும் ஒரு தூரப் பட்டியலைச் சுமந்திருக்கும்: மேற்பரப்பில் பூஜ்யம், உள்ளே குறை எண், வெளியே மிகை எண். அண்டைத் துகளின் விளிம்பிலுள்ள புள்ளிக்குக் குறை எண் வந்தால் அது உள்ளே இடித்துவிட்டது என்று பொருள். மெய்யான உருளையை நசுக்கியபோது துகள்கள் புரண்டு நழுவிய மெல்லிய பட்டை, பிரதிமை உருளையிலும் தோன்றிற்று. 2018-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு 'ஆகாரமே போதும்' என்று பொருள்படத் தலைப்பும் வைத்தார்கள்.

தலைப்பு வைப்பவர்களின் உற்சாகத்தை நாம் மன்னிக்கலாம்; நம்ப வேண்டியதில்லை. ஆகாரத்தை எக்ஸ் கதிர் கொடுக்கும். உராய்வெண்ணையும் துகளின் விறைப்பையும் கணக்குப் போடுகிறவர்தான் கொடுக்க வேண்டும். தவிர, அந்த 50,000 துகள்களும் ஒரு விரல் பருமனுக்கே ஆயிற்று. துகளின் குறுக்களவு 0.3 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு கன மீட்டர் மணலில் சுமார் 4,000 கோடி துகள்கள் இருக்கும். வாசகரின் வீட்டுக்கு அடியில் எத்தனை கன மீட்டர் என்பதை அவரே பெருக்கிக்கொள்ளட்டும்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில்: வேண்டும். மண் பரிசோதனை செய்பவர்கள் இன்றும் 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, மண்ணில் ஊன்றிய குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.